வீடு காட்ட மறுக்கும் காரணங்கள்: பெருந்தொற்றும் சாதியும் சட்டமும்

2020ஆம் ஆண்டு நவம்பர் மாதம் நான் பொதட்டூர்பேட்டையில் வாடகை வீடு தேடிக்கொண்டிருந்தேன். ஊரடங்கு பெருமளவு தளர்த்தப்பட்டிருந்தது. விசைத்தறிகள் மீண்டும் ஓடத் தொடங்கியிருந்தன. ஒரு தெருவில், பூட்டிய வீட்டின் கதவில் 'வீடு வாடகைக்கு' என்ற அட்டையும் அதன்கீழ் ஒரு கைப்பேசி எண்ணும் இருந்தன. அழைத்தேன். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர் வசதி குறித்தெல்லாம் வீட்டுக்காரர் மரியாதையாகவே பேசினார். மறுநாள் காலை வந்து பார்க்கச் சொன்னார். தொடர்பைத் துண்டிக்கும் முன் ஒரு கேள்வி கேட்டார்.

"சாருக்கு எந்த ஊரு?"

ஊரின் பெயரைச் சொன்னேன்.

"ஊருக்குள்ளயா, காலனியா?"

காலனி என்றேன். சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "கொரோனா நேரம் பாருங்க சார். வீட்ல பெரியவங்க இருக்காங்க. இப்போதைக்கு யாருக்கும் வீடு காட்டறதில்ல" என்றார்.

அந்த வாரக் கடைசியிலேயே, அதே வீட்டை என் நண்பரான இன்னொரு வழக்கறிஞர் பார்த்துவிட்டு வந்தார். அவர் தலித் அல்லர். கூடத்திலிருந்து சமையலறைவரை அவரே கூட்டிச் சென்று காட்டியிருக்கிறார்கள்; அமரவைத்துக் காபியும் கொடுத்திருக்கிறார்கள். பெரியவர்களும் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார்களாம். கொரோனாவைப் பற்றி ஒரு சொல்லும் எழவில்லை.

நான் வழக்குத் தொடரவில்லை. அழைப்பைப் பதிவு செய்திருக்கவில்லை. சொல்லப்பட்ட காரணமோ எவரும் குறைகூற முடியாத காரணம். முதியோரைத் தொற்றிலிருந்து காப்பதாகச் சொல்பவரிடம், நீங்கள் சாதி பார்க்கிறீர்கள் என்று எதைக் கொண்டு நிறுவுவது? தீண்டாமைக்கு எதிரான வழக்குகளை நடத்துகிற எனக்கே அன்று விடை தெரியவில்லை. பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு வீட்டைப் பாதுகாப்பாகக் காட்டுவது எப்படி, அந்தப் பாதுகாப்பு எந்த எல்லையில் முடிந்து பாகுபாடு தொடங்குகிறது, அந்த எல்லையை நீதிமன்றத்தில் காட்டுவது எப்படி என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திறந்த வீடும் மூடிய வீடும்

அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றிலும் 'ஓபன் ஹவுஸ்' என்றொரு வழக்கம் உண்டு. விற்பனைக்கோ வாடகைக்கோ உள்ள வீட்டைக் குறித்த நாளில், குறித்த நேரத்திற்குத் திறந்து வைப்பார்கள். அறிவிப்பைப் பார்த்த எவரும் உள்ளே வரலாம். அங்கும் பாகுபாடு இல்லாமலில்லை. ஆயினும் கதவு திறக்கும்வரை வருபவர் யாரென்று கேட்கப்படுவதில்லை என்பதே அம்முறையின் இயல்பு.

பெருந்தொற்று அந்த வழக்கத்தை நிறுத்தியது. 2020 மே 13 அன்று இங்கிலாந்தில் வீட்டுச் சந்தையை மீண்டும் திறந்தபோது அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், பலரும் ஒரே நேரத்தில் கூடிப் பார்க்கும் முறையைத் தவிர்க்கச் சொன்னது. முதலில் காணொளியில் பார்க்க வேண்டும். உண்மையான விருப்பம் உள்ளவர் மட்டுமே, முன்பதிவு செய்து, ஒரு குடும்பமாக நேரில் வரவேண்டும் என்றது. சுகாதார நோக்கில் அது சரியான அறிவுரை.

நம் ஊரில் நிலைமை வேறு. இங்குத் திறந்த வீடு என்ற வழக்கமே வேரூன்றவில்லை. வாடகை வீடு தரகர் வழியாகவோ, அறிந்தவர் வழியாகவோ, கதவில் தொங்கும் அட்டை வழியாகவோ கிடைக்கிறது. மூன்றிலும் கதவு திறப்பதற்கு முன்பே விசாரணை நடந்துவிடும். மனை விற்பனை மட்டுமே சற்று விதிவிலக்கு: திருவள்ளூர், திருத்தணி, ஊத்துக்கோட்டைச் சாலைகளில் பந்தல் போட்டு, வேன் வைத்து, மதிய உணவும் கொடுத்து ஆட்களை அழைத்துச் சென்று மனை காட்டுவார்கள். காலி மனையைக் காட்டச் சாதி கேட்காதவர்கள்கூட, கட்டிய வீட்டைக் காட்டக் கேட்கிறார்கள்.

ஆகவே, 'முன்பதிவு, தொலைபேசி விசாரிப்பு, ஒரு நேரத்தில் ஒரு குடும்பம்' என்ற பெருந்தொற்றுக்கால விதிகள் இங்குப் புதிய வழக்கம் எதையும் உருவாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த சாதி விசாரணைக்கு அவை சுகாதாரத்தின் பெயரைக் கொடுத்தன. முன்பு "வீடு முடிஞ்சிபோச்சி" என்று பொய் சொன்னவர்களுக்கு, பொய்யென்று நிறுவ முடியாத ஒரு காரணம் கிடைத்தது.

நோய் எதனால் பரவியது?

எது பாதுகாப்பு, எது பாகுபாடு என்று பிரித்தறிய, நோய் எவ்வாறு பரவியது என்ற தெளிவு முதலில் தேவை.

2020இன் தொடக்க மாதங்களில் தொடுவதைப் பற்றிய அச்சமே மேலோங்கியிருந்தது. கதவின் பிடி, ரூபாய் நோட்டு, காய்கறி, பால் பை என எல்லாவற்றையும் கழுவினோம். ஆய்வுகள் பெருகியபின் படம் மாறியது. 2021 ஏப்ரலில் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம், கிருமி படிந்த பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாக 10,000இல் 1க்கும் குறைவு என்று மதிப்பிட்டது. அதே மாத இறுதியில் உலக சுகாதார நிறுவனமும், காற்றோட்டம் குறைந்த, ஆட்கள் நெருங்கிய அறைகளில் காற்றின் வழியே நோய் பரவக்கூடும் என்பதைத் தன் விளக்கக் குறிப்பில் தெளிவாகச் சேர்த்தது.

இதன்படி, வீடு காட்டும் நிகழ்வில் ஆபத்தைத் தீர்மானிப்பவை நான்கு: அறைக்குள் எத்தனை பேர், காற்று எவ்வளவு வந்துபோகிறது, எல்லோரும் முகக்கவசம் அணிந்திருக்கிறார்களா, எவ்வளவு நேரம் உள்ளே இருக்கிறார்கள். தொட்ட பொருள்களின் பங்கு மிகச் சிறியது. வந்தவரின் பிறப்புக்குப் பங்கே இல்லை.

தீண்டாமையோ முழுக்க முழுக்கத் தொடுதலைப் பற்றிய நம்பிக்கை. எனவேதான், ஒரு குடும்பம் வந்து போனபின் அவர்கள் நின்ற இடத்தை மட்டும் கழுவிவிட்டு, அடுத்து வந்த குடும்பத்தை ஜன்னல் மூடிய அறையில் அமரவைத்துக் காபி கொடுக்கிற வீடு, நோய்க்கு அஞ்சிய வீடு அன்று. சொல்லின் தேர்விலும் இக்குழப்பம் இருந்தது. 2020 மார்ச் 20 அன்றே உலக சுகாதார நிறுவனம், 'சமூக இடைவெளி' என்பதற்குப் பதிலாக 'உடல் இடைவெளி' என்ற சொல்லைப் பயன்படுத்தப்போவதாக அறிவித்தது. நம் அரசு விளம்பரங்கள் பலவோ அதன் பிறகும் 'சமூக இடைவெளி' என்றே சொல்லின. சமூகத்தின் பெயரால் தள்ளி நிறுத்தப்பட்ட மக்களின் காதில் அச்சொல் எப்படி ஒலிக்கும் என்று எவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பாதுகாப்பாகக் காட்டும் முறை

பெருந்தொற்று மீண்டும் வரலாம். அப்போதும் மக்கள் வீடு மாறத்தான் வேண்டியிருக்கும். வேலை இழந்தவர் குறைந்த வாடகைக்கு இடம்பெயர்வார், உறவினர் இறந்த குடும்பம் ஊர் திரும்பும். ஆகவே வீடு காட்டுவதை அடியோடு நிறுத்துவது தீர்வாகாது. செய்யக்கூடியவை இவை:

முதலாவதாக, வீட்டின் படங்களையும் ஒரு சிறு காணொளியையும் எடுத்து, கேட்கும் எல்லோருக்கும் அனுப்பலாம். தேவையற்ற வருகைகளில் பாதி அதிலேயே குறையும். வாடகை, அட்வான்ஸ், தண்ணீர், கழிப்பறை விவரங்களை அதிலேயே எழுதிவிடலாம்.

இரண்டாவதாக, வருவோருக்கு அழைத்த வரிசைப்படி நேரம் ஒதுக்கலாம். ஒவ்வொருவருக்கும் கால் மணி நேரம். இடையில் கால் மணி நேரம் காற்றோட்டத்திற்காக விடலாம். வரிசையை ஒரு தாளில் எழுதி வைப்பது நல்லது. அது நோயாளி எவரேனும் வந்திருந்தால் பிறரை எச்சரிக்கவும் உதவும். வரிசை மீறப்பட்டதா என்று பின்னர் பார்க்கவும் உதவும்.

மூன்றாவதாக, கதவு, ஜன்னல் அனைத்தையும் திறந்து வைத்து, மின்விசிறியை ஓடவிட வேண்டும். காட்டுபவரும் பார்ப்பவரும் முகக்கவசம் அணிய வேண்டும். காட்டுபவர் திண்ணையிலோ வாசலிலோ நின்றுகொண்டு, வந்தவர்களை உள்ளே சென்று பார்த்துவரச் சொல்லலாம். பேரமும் பேச்சும் வெளியே, திறந்தவெளியில் நடக்கட்டும்.

நான்காவதாக, உடல்நலம் குறித்த கேள்விகளை எல்லோரிடமும் ஒரே சொற்களில் கேட்க வேண்டும். காய்ச்சல், இருமல் உண்டா? கடந்த இரு வாரங்களில் தொற்றுள்ளவருடன் இருந்தீர்களா? தற்போது அரசு அறிவித்த கட்டுப்பாட்டுப் பகுதியில் வசிக்கிறீர்களா? இம்மூன்று கேள்விகளே போதும்.

கட்டுப்பாட்டுப் பகுதி என்பது மாவட்ட நிர்வாகம் தேதியிட்டு அறிவிக்கும் தெருப் பட்டியல். தொற்று குறைந்ததும் நீக்கப்படுவது. காலனி அப்படிப்பட்ட பட்டியல் அன்று. 'ஊரா, காலனியா' என்ற கேள்விக்கான விடையைக் கொண்டு எந்தக் கிருமியையும் தடுக்க முடியாது. 'அசைவம் சமைப்பீர்களா', 'என்ன ஆளுங்க', 'அப்பா என்ன வேலை பார்த்தார்' என்பவையும் அவ்வாறே. ஒரு கேள்வியின் விடை எதுவாயினும் அந்த நான்கு காரணிகளில் ஒன்றும் மாறாது என்றால், அக்கேள்வி நோயைப் பற்றியதன்று. அளவுகோல் இவ்வளவு எளிமையானது.

குடியிருப்பவர் இருக்கும்போதே காட்டப்படும் வீடு

இதுவரை பேசியது காலி வீட்டைப் பற்றி. மாவட்டத்தின் மறுகோடியில், கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள லைன் வீடுகளில் சிக்கல் வேறு வகையானது. ஒரே கூரையின்கீழ் வரிசையாக அறைகள், பொதுக் கழிப்பறை, ஒரே தண்ணீர்க் குழாய். ஆலைத் தொழிலாளர்களில் பலர் வடமாநிலத்தவர். நம் மாவட்டத்துத் தலித் குடும்பங்களும் உண்டு. பெரும்பாலும் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்காது.

ஆலைகள் நின்று வாடகை பாக்கியானபோது இத்தகைய அறைகளில் வாழ்ந்தோர் எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற நிலை நாடு முழுவதும் இருந்தது. 2020 மார்ச் 29 அன்று ஒன்றிய உள்துறை அமைச்சகம் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் ஓர் ஆணை பிறப்பித்தது. புலம்பெயர்ந்தோர் உள்ளிட்ட தொழிலாளர்களிடம் ஒரு மாத காலத்திற்கு வாடகை கேட்கக் கூடாது. தொழிலாளர்களையோ மாணவர்களையோ வீட்டைக் காலிசெய்யக் கட்டாயப்படுத்தும் உரிமையாளர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என்றது. ஆனால் ஆணையைக் காட்டி உரிமை கோர, தான் வாடகைதாரர் என்று காட்டும் ஒரு தாளாவது வேண்டும். அது இல்லாதவர்கள் மூட்டையைக் கட்டினார்கள்.

வெளியேறச் சொல்வதற்கு முன்பாக நடக்கும் இன்னொன்று உண்டு: குடும்பம் உள்ளே இருக்கும்போதே, சமைத்துக்கொண்டிருக்கும்போதே, அடுத்த வாடகைதாரரை அழைத்து வந்து அறையைக் காட்டுவது. நோய்க்காலத்தில் இது உயிருக்கு ஆபத்து. எக்காலத்திலும் இது மானக்கேடு.

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ள, நகர்ப்புற வாடகைக்கென இயற்றப்பட்ட, நில உரிமையாளர் மற்றும் வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2017 இதற்கு விடை சொல்கிறது. உரிமையாளர் வாடகைதாரரின் வீட்டிற்குள் நுழைய வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரத்திற்கு முன் காரணத்தையும் நேரத்தையும் குறிப்பிட்டு எழுத்துப்பூர்வமாகத் தெரிவிக்க வேண்டும். தண்ணீர், மின்சாரம் போன்ற அடிப்படை வசதிகளைத் துண்டிக்கக் கூடாது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும். அதை வாடகை அதிகார அமைப்பிடம் பதிவு செய்யவும் வேண்டும். எனவே குடியிருப்பவர் உள்ள வீட்டைக் காட்டும்போது அவருடைய ஒப்புதலோடு நேரம் குறிப்பதும், அவர் வெளியே சென்றிருக்கும் வேளையைத் தேர்வதும், அவர் தனிமைப்படுத்தலில் இருந்தால் காட்டுவதையே தள்ளிவைப்பதும் தான் பாதுகாப்பான முறை.

ஆனால் அதே சட்டத்தின் எந்தப் பிரிவும், சாதி பார்த்து வீடு மறுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. 2021 ஜூனில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டமும் சொல்லவில்லை. வீட்டிற்குள் இருப்பவரின் உரிமைகளை அவை பட்டியலிடுகின்றன. வீட்டிற்குள் நுழையவே விடப்படாதவர் அவற்றின் கண்ணில் படவில்லை.

வாசலிலேயே மறுக்கப்பட்டவருக்கு என்ன சட்டம்?

அரசமைப்பின் 17ஆவது கூறு தீண்டாமையை ஒழிக்கிறது. அது தனியாரையும் கட்டுப்படுத்துவது. 15(2) கூறு கடைகள், உணவகங்கள் முதலியவற்றில் பாகுபாட்டைத் தடுக்கிறது. 1948 நவம்பர் 29 அன்று அரசமைப்பு அவையில் 'கடை' என்ற சொல்லின் பொருள் குறித்துக் கேட்கப்பட்டபோது, பணம் பெற்றுச் சேவை வழங்க முன்வரும் எவரையும் உள்ளடக்கிய விரிந்த பொருளில்தான் அது ஆளப்படுகிறது என்று அண்ணல் அம்பேத்கர் விளக்கினார். வாடகைக்கு வீடு தர முன்வருபவருக்கும் இவ்விளக்கம் பொருந்தும் என்று வாதிட இடமுண்டு.

இந்தக் கேள்வி அண்ணலின் வாழ்விலிருந்தே வருவது. 1917இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்த அவருக்கு வீடு கொடுக்க ஆளில்லை. பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். அடையாளம் தெரிந்தபோது தடிகளோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது.

சட்டப் பிரிவுகளுக்கு வருவோம். குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் 4ஆவது பிரிவு, எந்தப் பகுதியிலும் குடியிருப்பைக் கட்டுவதிலும் பெறுவதிலும் அதில் வசிப்பதிலும் தீண்டாமையின் பேரில் தடை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. 12ஆவது பிரிவு இன்னும் முக்கியமானது: குற்றமாகக் கூறப்படும் செயல் பட்டியல் சாதியைச் சேர்ந்தவருக்கு எதிராக நிகழ்ந்திருந்தால், அது தீண்டாமையின் பேரில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும், அப்படியன்று என்று நிறுவ வேண்டியவர் எதிர்த்தரப்பினரே. 'கொரோனாவால்தான் மறுத்தேன்' என்று வெறுமனே சொன்னால் போதாது; பிறரையும் அவ்வாறே மறுத்தேன் என்று அவர் காட்ட வேண்டியிருக்கும்.

அச்சட்டத்தின் 7ஆவது பிரிவுக்கான விளக்கம், ஒருவருக்கு வீட்டையோ நிலத்தையோ வாடகைக்கு விட மறுப்பதைப் 'புறக்கணிப்பு' என்று வெளிப்படையாகவே வரையறுக்கிறது. ஆயினும், தீண்டாமை ஒழிப்பால் கிடைத்த உரிமையொன்றைப் பயன்படுத்தியதற்காகப் பழிவாங்கும் புறக்கணிப்பையே அப்பிரிவு தண்டிக்கிறது. முதல் முறை வீடு கேட்டு வருபவருக்கு அது நேரடியாக உதவாது.

அந்த இடைவெளியை ஓரளவு நிரப்புவது, 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத் திருத்தம். 3(1) பிரிவின் இசட்சி உட்பிரிவு, பட்டியல் சாதியினர், பழங்குடியினர்மீது சமூக அல்லது பொருளாதாரப் புறக்கணிப்பை விதிப்பதைக் குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள்வரை. மற்றவரோடு வணிகம் செய்ய மறுப்பதும், வழக்கமான வணிகத்தில் பிறருக்கு அளிக்கும் நிபந்தனைகளில் அளிக்க மறுப்பதும் 'பொருளாதாரப் புறக்கணிப்பு' என்ற வரையறைக்குள் வருகின்றன. அட்டை தொங்கவிட்டு வாடகைக்கு அழைப்பது வணிகம். ஒருவருக்குக் காட்டியதை இன்னொருவருக்குக் காட்ட மறுப்பது புறக்கணிப்பு. இவ்வாதத்தை நாம் நீதிமன்றங்களில் தொடர்ந்து வைக்க வேண்டும். கிறித்தவத்திற்கு மாறிய தலித் மக்களைச் சட்டம் பட்டியல் சாதியினராக ஏற்காததால், இந்தப் பாதுகாப்பு அவர்களுக்குக் கிட்டுவதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மூடிய கதவும் சாட்சியும்

நான் வீடு தேடிய அதே நவம்பரில், 5ஆம் தேதி, உச்சநீதிமன்றம் ஹிதேஷ் வர்மா வழக்கில் ஒரு தீர்ப்பளித்தது. வீட்டின் நான்கு சுவர்களுக்குள், பொதுமக்கள் எவரும் இல்லாத இடத்தில் சொல்லப்பட்ட சாதி இழிவுச் சொல், 'பொதுப் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்' நிகழ்ந்ததாகாது. எனவே இழிவுபடுத்தலுக்கான 3(1)(ஆர்) பிரிவின் கூறுகள் அங்கு இல்லை என்றது. வீட்டிற்கு வெளியே, சாலையிலிருந்து பார்க்கக்கூடிய இடமாயின் பொதுப் பார்வை உண்டு என்ற 2008ஆம் ஆண்டின் ஸ்வரண் சிங் தீர்ப்பை அது ஏற்றுக்கொண்டது.

இதைப் பெருந்தொற்று விதிகளோடு சேர்த்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு குடும்பம், முன்பதிவு, தொலைபேசியிலேயே விசாரிப்பு. ஒவ்வொரு விதியும் சுகாதாரத்திற்கு உகந்தது; ஒவ்வொன்றும் சாட்சியை அகற்றுகிறது. ஆகவே வீடு தேடும் நம் மக்கள் சிலவற்றைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

விளம்பர அட்டையைப் படமெடுத்து வையுங்கள். தேதி அதிலேயே பதிவாகும். இயன்றவரை குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ கேளுங்கள். தொலைபேசியில் மறுத்தால், அன்றே ஒரு செய்தி அனுப்புங்கள்: 'இன்று காலை தங்களிடம் பேசினேன். தொற்று காரணமாக யாருக்கும் வீடு காட்டுவதில்லை என்றீர்கள். எப்போது காட்ட இயலும் என்று தெரிவியுங்கள்.' விடை வந்தாலும் வராவிட்டாலும் அது ஆவணம். நேரில் சென்றால் உரையாடலை வாசலிலேயே, தெருவின் பார்வைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். நீங்கள் பங்கேற்ற உரையாடலின் பதிவை நீதிமன்றங்கள் நிபந்தனைகளோடு ஏற்றிருக்கின்றன. மூலக் கருவியையே தாக்கல் செய்யாதபோது மின்னணுச் சான்றிதழ் கட்டாயம் என்று 2020 ஜூலை 14 அன்று உச்சநீதிமன்றம் உறுதிப்படுத்தியது. எனவே பதிவு உள்ள கைப்பேசியை மாற்றிவிடாதீர்கள்.

வன்கொடுமைச் சட்டப் புகாரில் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்ய முன்விசாரணை தேவையில்லை என்று 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 18ஏ பிரிவு சொல்கிறது. 2020 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. துணைக் கண்காணிப்பாளர் நிலையிலுள்ள அதிகாரியே புலனாய்வு செய்ய வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் எவரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இல்லாத ஒரு சட்டம்

2020 மார்ச்சில் நாட்டின் சில நகரங்களில் மருத்துவர்களையும் செவிலியர்களையும் வீட்டு உரிமையாளர்கள் காலிசெய்யச் சொன்னார்கள். நோயைக் கொண்டுவந்துவிடுவார்கள் என்ற அச்சம்தான் காரணம். நாடே கொதித்தது. ஏப்ரல் 22 அன்று அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரின் வாழ்விடச் சூழலைப் பாதிக்கும் துன்புறுத்தலும் 'வன்செயல்' என்று வரையறுக்கப்பட்டது. அது தேவையான சட்டம்தான். ஆனால் மருத்துவர், செவிலியர், துணை மருத்துவப் பணியாளர், சமுதாய நலப் பணியாளர் எனப் பெயர் குறிப்பிட்ட அச்சட்டம், அதே தெருக்களில் குப்பை அள்ளிய தூய்மைப் பணியாளரைப் பெயரிட்டுச் சொல்லவில்லை. தொழிலால் அஞ்சி ஒதுக்கப்பட்டவருக்குச் சில வாரங்களில் சட்டம் இயற்ற முடியுமானால், பிறப்பால் ஒதுக்கப்பட்டவருக்கு ஏன் இத்தனை ஆண்டுகள்?

அமெரிக்கா 1968இல், மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்ட ஒரு வாரத்தில், நியாயமான வீட்டுவசதிச் சட்டத்தை நிறைவேற்றியது. அதில் ஒரு பிரிவு நம் கவனத்திற்குரியது. பார்வையிடவோ வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வீடு உண்மையில் இருக்கும்போது, இனம் காரணமாக ஒருவரிடம் 'வீடு இல்லை' என்று சொல்வதையே அது சட்டவிரோதமாக்குகிறது. வீட்டைக் காட்ட மறுக்கும் பொய்யே தனியொரு தவறு. 1982இல் ஹேவன்ஸ் ரியால்டி வழக்கில் அந்நாட்டு உச்சநீதிமன்றம் மேலும் ஒரு படி சென்றது. பாகுபாட்டைச் சோதிக்கவென்றே ஒரு கறுப்பினத்தவரும் ஒரு வெள்ளையரும் ஒரே நிறுவனத்திடம் வீடு கேட்டனர். கறுப்பினத்தவரிடம் இல்லை என்றும், வெள்ளையரிடம் இருக்கிறது என்றும் சொல்லப்பட்டது. குடியேறும் எண்ணம் இல்லாமல் சோதிப்பதற்காகவே கேட்டவராயினும், பொய் சொல்லப்பட்டவருக்கு வழக்குத் தொடரும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் கூறியது.

என்னையும் என் நண்பரையும் நினைத்துக்கொள்கிறேன். திட்டமிடாமலேயே நாங்கள் அத்தகைய சோதனை ஒன்றைச் செய்திருந்தோம். அதன் விடையைக் கொண்டு செல்ல எங்களுக்கு ஒரு சட்டம் இல்லை.

எனவே நம் கோரிக்கை தெளிவானது. தமிழ்நாடு அரசு 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டத்தைத் திருத்த வேண்டும். சாதி, மதம், உணவுப் பழக்கம் காரணமாக வீடு காட்டவோ வாடகைக்கு விடவோ மறுப்பதைத் தடைசெய்ய வேண்டும். இருக்கும் வீட்டை இல்லையென்று சொல்வதைத் தனித் தவறாக்க வேண்டும். இருவர் கேட்டுச் சோதித்த சான்றை ஏற்க வேண்டும். தரகர்களையும் பொறுப்பாக்க வேண்டும். பேரிடர்க் காலத்தில் வீடு காட்டுவதற்கான வழிகாட்டுதலை அரசே வெளியிட வேண்டும். அதில் எவற்றைக் கேட்கலாம் என்பதோடு எவற்றைக் கேட்கக் கூடாது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

பெருந்தொற்று ஓய்ந்தது. தொலைபேசியிலேயே விசாரித்து முடிக்கும் பழக்கம் ஓயவில்லை. செயலிகளும் காணொளிகளும் அதை இன்னும் எளிதாக்கிவிட்டன. அண்மையில் பொதட்டூர்பேட்டையில் அதே தெரு வழியே சென்றபோது, வேறொரு வீட்டுக் கதவில் புதிய அட்டை ஒன்றைக் கண்டேன். முதலில் அதைப் படமெடுத்தேன். அழைக்கவில்லை. வீடு எப்போது பார்க்கலாம் என்று கேட்டு ஒரு செய்தி அனுப்பினேன்.